முதல் துளையும் மூன்றாம் அழைப்பும்

திருமணற்குடியில் கல்யாணமோ காதுகுத்தோ, விருந்து எதுவாயினும் பந்தியின் முதல் இலைக்கு முன் மனிதர் எவரும் உட்காருவதில்லை. அந்த இலையில் உப்பு முதல் பாயசம் வரை குறைவின்றிப் பரிமாறுவார்கள், பக்கத்தில் தண்ணீர் வைப்பார்கள், உண்டு முடித்த பாவனையில் பயபக்தியோடு மடித்து எடுப்பார்கள். உண்டவர் ஊர் நடுவே கோயில் கொண்டிருக்கும் செவிசாய்த்த நாதர். எக்காலத்திலோ ஓர் அடியார் பிணியால் குரல் தேய்ந்து, தம் விண்ணப்பத்தை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தபோது அதைக் கேட்கும்பொருட்டு இடப்புறம் சாய்ந்த லிங்கம் இன்றுவரை நிமிரவில்லை. அவ்வளவு சாய்ந்து கேட்கிறவருக்கு முதல் இடத்தை விட்டுக்கொடுப்பதில் ஊரில் யாருக்கும் வருத்தம் இல்லை. அவ்வூரிலிருந்து புறப்படும் பேருந்தில் முதல் இருக்கை காலியாகவே அடுத்த ஊர் வரைக்கும் போகும். அங்கே ஏறுகிறவர் தம் அதிர்ஷ்டத்தை வியந்தபடி அதில் உட்காருவார்.

ஆகையால், மேசைமேல் வைத்த சிவப்புப் பெட்டியின் முகத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட இரு துளைகளைக் கண்ட தையல்நாயகி, மைக்கின் கம்பியை இரண்டாவது துளையில் செருகியதும் முதல் துளையை வெறுமனே விட்டதும் அவ்வூரில் பிறந்த எவரும் செய்யக்கூடியதே.

முன்சீப் கோர்ட்டுக்கு எதிர்ச்சாரியில் அவள் தட்டச்சு நிலையம் நடத்திவந்தாள். மனுக்களும் பிரமாண வாக்குமூலங்களும் அவள் விரல்களின் வழியாகவே நீதி தேவதையின் சந்நிதிக்குப் போயின. அந்த விரல்களை நரம்புநோய் பற்றியது. முதலில் காப்பி டம்ளரின் சூடு தெரியாமல் போயிற்று; பிறகு விசைகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே தெரியாமல் போயிற்று. பேசினால் தானே எழுதிக்கொள்ளும் மென்பொருள் ஒன்று இருப்பதாக வக்கீல் குமாஸ்தா கலியமூர்த்தி வந்து சொல்லி, அதைக் கணினியில் ஏற்றியும் கொடுத்தார். கணினிக்குக் காது இல்லை என்பது அதன் பிறகே தெரிந்தது. மைக் ஒன்று வேண்டும் என்றார். மைக் இருக்கிறது என்று தையல்நாயகி பரணைக் காட்டினாள்.

அது அவள் கணவன் ஐயாறப்பனுடையது. சுற்று வட்டாரத்தில் மைக்செட் ஐயாறப்பன் என்றால் தெரியாதவர் இல்லை. தேர்க்காலங்களில் அவன் கட்டும் ஒலிபெருக்கிக் குழாய்கள் வழியாகவே அவ்வூர்த் தெய்வம் நாலு மைலுக்கு அப்பாலும் கேட்டது. ஒன்பது வருஷங்களுக்கு முன்பு கடற்கரையோரத்து ஊர் ஒன்றில் கும்பாபிஷேகத்துக்குக் குழாய் கட்டப் போனான். விழா முடிந்து குழாய்கள் லாரியில் திரும்பின, கம்பி சுற்றிய மைக் திரும்பிற்று, அவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை, ஒரு சொல்லும் வரவில்லை. ஊரெல்லாம் அவளைத் தையலம்மா, தையலக்கா என்று அழைக்க, அவன் ஒருவனே அவளைத் தையு என்று அழைத்தவன். தாலியை அவள் கழற்றவில்லை. கழற்றச் சொல்வதற்கு யாருக்கும் ஆதாரம் இல்லை. கழற்றாதே என்று சொல்வதற்கும் இல்லை.

அந்த மைக்கின் தடித்த மூன்றுமுனைச் செருகியை நேரே ஏற்றுக்கொள்ளும் வாய் கணினியில் இல்லாததால், நடுவே ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸ் வேண்டும் என்று கும்பகோணத்துக் கடைக்காரர் கொடுத்தனுப்பியதுதான் செங்கல் அளவேயான அந்தச் சிவப்புப் பெட்டி. துளை ஒவ்வொன்றின் மேலும் கடுகு போன்ற ஒரு விளக்கு. குரல் நுழைந்தால் அது பச்சையாய் ஒளிரும்.

பங்குனி மாதத்து உச்சிவேளை ஒன்றில், கோர்ட்டு சாப்பாட்டுக்குக் கலைந்திருந்த நேரத்தில், தையல்நாயகி மைக்கின் முன்னே குனிந்து, கனம் முன்சீப் அவர்கள் சமூகத்துக்கு மனுதாரர் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்று தெளிவாக உரைத்தாள். இரண்டாம் துளையின் விளக்கு ஒளிர்ந்தது. திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நடந்துவந்து ஒரு வரியாக நின்றன.

பாலை இறக்குடி, பொங்கிடப் போகுது.

அவள் மறுபடியும் சமூகத்துக்கு என்று தொடங்கினாள். இறக்குடி, எத்தனை தடவை சொல்றது என்று திரை எழுதிற்று.

மென்பொருள்காரர்கள் கொடுத்திருந்த உதவி எண்ணில் ஒரு பெண் பேசினாள். நிதானமாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அந்த மென்பொருள் முதல் துளையை மட்டுமே கேட்கும் இயல்புடையது, இரண்டாம் துளையில் வருவது அதன் காதில் விழாது, மைக்கை மாற்றிச் செருகினால் போதும் என்றாள். தையல்நாயகிக்குப் புரிந்தது. புரிந்ததும் ஒரு சந்தேகம் வந்தது.

“முதல் துளையில என்னம்மா இருக்கு?”

“அதுல ஒண்ணும் இல்ல மேடம். காலியாத்தான் இருக்கும்.”

“அப்ப எழுதுறது யாரு?”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்தப் பெண், ஏதாவது இரைச்சலாய் இருக்கலாம் என்று சொல்லி, அழைத்ததற்கு நன்றி கூறி வைத்துவிட்டாள்.

அடுத்த கடையில் தேநீர் போடும் மீனாம்பாள் வழக்கம்போல் டம்ளரோடு உள்ளே வந்தவள் திரையைப் படித்தாள். டம்ளரை மேசைமேல் வைத்தாள். அவளுடைய மாமியார் தை மாதத்தில் காலமானவர். முப்பது வருஷ காலம் இதே உச்சிவேளையில், உள்ளறைக் கட்டிலில் இருந்தபடி, பாலின் வாசனையை வைத்தே இந்த இரண்டு வரிகளையும் இதே வரிசையில் சொல்லி வந்தவர். மீனாம்பாள் அலறவில்லை. கடைக்கு ஓடினாள், அங்கே பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

ஊர் இதனை ஏற்றுக்கொண்ட விதம், மழை வந்தால் துணிகளை எடுத்து உள்ளே போட்டுக்கொள்ளும் விதமாகவே இருந்தது. சித்திரை பிறப்பதற்குள் அப்பெட்டிக்குச் செவிப்பெட்டி என்று பெயர் வைத்தாகிவிட்டது. தட்டச்சு நிலையத்தின் சுவரோரம் இரண்டு பெஞ்சுகள் வந்துவிட்டன. கோர்ட்டு கலையும் உச்சிப்பொழுதே அதற்குரிய காலம் என்றும், அதற்கு முன்னும் பின்னும் முதல் துளை பேசாது என்றும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பேசுகிறவர்கள் எல்லோரும் இறந்தவர்கள், இறந்தவர்கள் மட்டுமே. உயிரோடு துபாயில் இருக்கும் மகனின் குரலுக்காகக் காத்திருந்தவள் ஒருத்தி, அவன் குரல் ஒருநாளும் வராததைக் கண்டு, தேங்காய் உடைத்துவிட்டுப் போனாள்.

இறந்தவர்கள் புதையலைப் பற்றியும் மோட்சத்தைப் பற்றியும் ஏதாவது சொல்வார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். அவர்கள் பேசியதெல்லாம் கொடியில் கிடந்த துண்டு, திறந்து கிடந்த கொல்லைக் கதவு, கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு போன கன்று, எங்கே வைத்தோம் என்று தெரியாமல் போன மூக்குக்கண்ணாடி. இங்கிருந்து கேட்கப்படும் எதுவும் அவர்களுக்கு எட்டவில்லை. கிழக்குத் தெருவிலிருந்து வந்து, பாகப் பத்திரம் எங்கே என்று தம் தகப்பனாரை உரத்த குரலில் திரும்பத் திரும்பக் கேட்டவருக்கு, செருப்பை வெளியே விட்டுட்டு வா என்ற ஒரு வரியே வந்தது. அன்றிலிருந்து எல்லோரும் செருப்பை வாசலிலேயே விட்டார்கள். சோறு குழைந்துவிட்டது என்ற வரியைப் படித்த கைம்பெண் ஒருத்தி, போயும் இன்னும் நாக்கு அடங்கவில்லை பார் என்று பெஞ்சில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்து, மறுநாளிலிருந்து உலையில் தண்ணீரைக் குறைத்தே வைத்தாள்.

இது தகுமா தகாதா என்று கோயிலில் கேட்டார்கள். மகாலிங்க குருக்கள் வில்வத்தை ஆய்ந்தபடியே, முதல் இடத்தைச் சுவாமிக்கு விட்டோம், தம் இடத்தில் சுவாமி யாரை உட்காரவைத்தால் நமக்கென்ன என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு மைக்கை முதல் துளைக்கு மாற்றுவது முதல் இலையில் போய் உட்காருவதற்கு ஒப்பான பாதகம் என்பது ஊரின் முடிவாயிற்று. யாரோ முதல் துளையின் மேல் சந்தனம் இட்டு, ஒரு நந்தியாவட்டைப் பூவும் வைத்தார்கள். நந்தியின் காதில் வேண்டுதலைச் சொல்லிச் சொல்லி அதன் காதைத் தேய்த்துவிட்ட ஊர் அது. பதில் பேசும் ஒரு காது கிடைத்ததில் அதற்கு வியப்பைக் காட்டிலும் நிம்மதியே மிகுதியாயிருந்தது.

ஆனால் தையல்நாயகியின் மனுக்கள் எழுதப்படாமல் கிடந்தன. பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு விசையாகக் குத்தி அவள் ஒரு பக்கத்தை முடிப்பதற்குள் கோர்ட்டு கலைந்துவிடும். கலியமூர்த்தி அவள் படும் பாட்டைப் பார்த்துப் பார்த்து, பெட்டி வாங்கியது செத்தவர்களுக்குக் குமாஸ்தா வேலை பார்ப்பதற்கா என்று கேலியாகவும் வருத்தமாகவும் கேட்டார். ஊர் வழக்கத்தை மீறக்கூடாதென்று அவள் சொன்னாள். அது காரணமன்று.

உச்சிப்பொழுதுதோறும் திரையில் ஓடும் வரிகளை அவள் ஒன்றுவிடாமல் படித்தாள். கடைசி வரியும் ஓடி முடிந்து, அடுத்த எழுத்தின் இடத்தைக் காட்டும் ஒளிமுள் மட்டும் வெறுமையில் துடிக்கும்போது, அவள் நெஞ்சின் பாரம் மெல்ல இறங்கும். அவன் பேசவில்லை. இறந்தவர்கள் மட்டுமே பேசும் இடத்தில் அவன் பேசவில்லை. ஒன்பது வருஷங்களில் அவளுக்குக் கிடைத்த முதல் சான்று அந்த மௌனம்தான். அதனை நாள்தோறும் புதிதாக வாங்கிக்கொள்வதற்காகவே துளையைத் திறந்து வைத்திருந்தாள்.

செவிப்பெட்டியின் புகழ் மேலையூருக்கும் எட்டிற்று. மேலையூரிலிருந்து ஐயாறப்பனின் அக்காள் பட்டம்மாள் ஒரு பையோடு வந்து இறங்கினாள். தம்பியைத் தூக்கி வளர்த்தவள். அவன் இறந்திருந்தால் எள்ளும் தண்ணீரும் இல்லாமல் எங்கே நாவறண்டு நிற்கிறானோ என்று ஒன்பது வருஷமாகத் தானும் சரியாய்த் தண்ணீர் குடிக்காதவள். அவள் பெஞ்சின் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தாள், தையல்நாயகி மேசையருகில் உட்கார்ந்தாள். ஒரே மனிதனுக்காக ஒரே திரையை இருவரும் பார்த்தார்கள். ஒருத்தி அவன் பேசவேண்டும் என்று வேண்டிக்கொண்டு, ஒருத்தி பேசிவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டு. இரவில் ஒரே பாயில்தான் படுத்தார்கள். ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபமில்லை.

ஆனி மாதத்தில், யாருடைய பாட்டனோ மாட்டைக் குளிப்பாட்டச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு வரிக்கும், அடுத்து வரவிருந்த வரிக்கும் இடையில், ஒற்றைச் சொல் ஒன்று தனியே வந்து நின்றது.

தையு.

அது யாருடைய வீட்டுச் சொல் என்று பெஞ்சில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தையல்நாயகி எழுந்து நின்றுவிட்டாள். அவள் வாய் தானாகத் திறந்தது. ஏன் என்று பதில் குரல் கொடுக்கும் அளவுக்குத் திறந்தது. பட்டம்மாள் பாய்ந்து வந்து, காய்ப்பேறிய தன் கையால் அந்த வாயை இறுகப் பொத்தினாள்.

“பதில் கொடுக்காத. முத அழைப்பு.”

கண்ணில் படாதவர் குரல் கேட்டால் மூன்றாவது முறை அழைக்கும் வரைக்கும் பதில் கொடுக்கலாகாது என்பது அந்நாட்டு வழக்கம். போனவர்களால் இரண்டு முறைதான் கூப்பிட முடியும். மூன்றாவது முறை கூப்பிடுவதற்கு மூச்சு வேண்டும். முதல் இரண்டுக்குப் பதில் கொடுத்தவர், அழைத்தவர் பின்னாலேயே போய்விடுவார். ஆகவே அந்த ஊரின் பெண்கள், வாசலில் நின்று கணவனே கூப்பிட்டாலும் மூன்றாம் குரலுக்குத்தான் தாழ்ப்பாளைத் தொடுவார்கள். கணவன்மாரும் அதற்குத் தக்கபடி மூன்று முறை சேர்ந்தாற்போலக் கூப்பிடப் பழகியிருந்தார்கள்.

இரண்டாம் அழைப்பு சில நாட்கள் கழித்து வந்தது. அதே சொல், அதே தனிமை. அதன் பிறகு முதல் துளை ஊமையாயிற்று. மீனாம்பாளின் மாமியார் பாலைப் பற்றிப் பேசவில்லை; கன்றுகளும் கதவுகளும் கண்ணாடிகளும் மறைந்தன. மற்றவர்கள் எல்லோரும் ஓரமாக ஒதுங்கி, யாரோ ஒருவனுக்கு வழிவிட்டு, அவன் பேசி முடிப்பதற்காகக் காத்து நிற்பதைப்போல இருந்தது அந்த மௌனம். உச்சிப்பொழுதில் பெஞ்சுகளில் மனிதர் நிறைந்திருப்பார்கள். ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். வெற்றுத்திரையில் ஒளிமுள் துடிக்கும். எங்கோ ஓர் ஆழத்தில் ஒரு கூட்டம் மூச்சில்லாமல் நிற்பது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும்.

தத்தம் வீட்டு இறந்தவர்களைக் கேட்காமல் ஊருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூன்றாவது அழைப்பு வந்தால் ஐயாறப்பன் உயிரோடு இருக்கிறான், வராவிட்டால் இல்லை, இரண்டில் ஒன்று தெரிந்துவிட்டால் அப்புறம் துளை திறந்துகொள்ளும் என்று பேசிக்கொண்டார்கள். தையல்நாயகியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். தெருப்பெண்கள் மஞ்சள் குங்குமம் கொடுக்கும்போது அவள் முறை வந்ததும் தட்டு ஒரு கணம் தயங்கி, பிறகே நீண்டது. அந்த ஒரு கணத்தில் அவள் நாள்தோறும் கைம்பெண்ணாகி மீண்டாள்.

கடைசியில் பட்டம்மாளும் குருக்களும் கலந்து, ஆடி அமாவாசை உச்சிவரைக்கும் பார்ப்பது, அதற்குள் மூன்றாம் அழைப்பு வராவிட்டால் தர்ப்பையால் உருவம் செய்து ஆற்றங்கரையில் காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். பட்டம்மாள் இதனைத் தையல்நாயகியிடம் சொன்னபோது, உன் கழுத்தில் கை வைக்க வரவில்லை, அவன் தொண்டையை நனைக்க வந்திருக்கிறேன் என்று சொல்லி அழுதாள். தையல்நாயகியும் அழுதாள்.

அமாவாசையன்று அறையில் இடம் போதாமல் வாசலிலும் தெருவிலும் நின்றார்கள். கோர்ட்டு விடுமுறையாதலால் காலையிலிருந்தே நின்றார்கள். பட்டம்மாளின் மடியில், வெண்ணிறத் துணியில் சுற்றிய தர்ப்பை உருவம் கைக்குழந்தையைப்போல் கிடந்தது. கோயிலில் உச்சிக்கால மணி அடிக்கத் தொடங்கி, நீண்டு, நின்றது. நிழல்கள் காலடியில் சுருண்டன. திரையில் ஒன்றும் வரவில்லை. நிழல்கள் மறுபக்கம் எட்டிப் பார்க்கத் தொடங்கும் வரைக்கும் யாரும் அசையவில்லை.

பட்டம்மாள்தான் முதலில் எழுந்தாள்.

“வா தையலு. ஆத்துக்குப் போவோம்.”

“நீங்க முன்ன நடங்க அண்ணி. அவரு மைக்கைச் சுத்தி எடுத்து வெச்சுட்டு வந்துடுறேன்.”

அது நியாயமாகவே பட்டதால் எல்லோரும் வெளியேறி, செருப்புகளைத் தேடி மாட்டிக்கொண்டு, தெருவின் புங்கமரத்தடியில் காத்து நின்றார்கள். மீனாம்பாளும் கலியமூர்த்தியும் மட்டும், அவள் தனியே இருக்கிறாளே என்ற கவலையால், ஜன்னலண்டை நின்றார்கள்.

தையல்நாயகி மைக்கைச் சுற்றவில்லை. அவள் உள்ளத்தில் ஓர் எண்ணம் பல நாட்களாக இருந்து, அந்த நிமிஷத்தில்தான் தலையைத் தூக்கிற்று. மூன்றாவது முறை கூப்பிடுவதற்கு மூச்சு வேண்டும். தன்னிடம் மூச்சு இருக்கிறது. முதல் துளையை மட்டுமே அந்த மென்பொருள் கேட்கும், கேட்கட்டும். தானே தன்னை, அவன் அழைக்கும் விதமாக அழைத்துக்கொண்டால், மூன்றாம் சொல் திரையில் நிற்கும். அண்ணி தர்ப்பையைப் பிரித்துவிடுவாள். தட்டு தயங்காமல் நீளும். பொய்தான். முதல் இலையின் உப்பைக்கூட மிதியாமல் சுற்றிப் போகிறவள், எல்லாம் கேட்கிறவரின் இடத்தில் உட்கார்ந்து சொல்லப் போகும் பொய். பெருமானே, சாய்ந்த செவியை இந்த ஒரு நாழிகை நிமிர்த்திக்கொள்ளும் என்று அவள் மனத்துக்குள் கெஞ்சினாள்.

இரண்டாம் துளையிலிருந்து செருகியை, உணர்வற்ற விரல்களை நம்பாமல், இரு உள்ளங்கைகளாலும் பற்றி இழுத்தாள். வாடிய பூவை ஒதுக்கினாள். முதல் துளையில் வைத்து அழுத்தினாள். உள்ளே ஏதோ பொருந்திய ஓசை கேட்டது. குனிந்து மைக்கின் வலைமுகத்துக்கு எதிரே வாயைக் கொண்டுபோனாள். ஒன்பது வருஷத்துத் துருவின் வாசனைக்குள் அவனுடைய பன்னீர்ப் புகையிலையின் வாசனை இன்னும் இருந்தது. கண்ணை மூடாமல், திரையைப் பார்த்தபடியே, மார்பு நிறைய மூச்சை இழுத்தாள். உதடுகளைப் பிரித்தாள்.

முதல் துளையின் விளக்கு பச்சையாய் ஒளிர்ந்தது.

தையு, என்று திரை எழுதியிருந்தது.

இழுத்த மூச்சு இன்னும் அவளுக்குள்ளேயே இருந்தது. ஒரு துளியும் வெளியே போகவில்லை.

அவள் அப்படியே நின்றாள். காலியான துளையின் வழியே வருவது அக்கரையிலிருந்து வருவது. அது அவளுக்கும் ஊருக்கும் தெரியும். இப்போது துளை காலியாக இல்லை. மைக் இருக்கிறது. ஒவ்வொரு பந்தலிலும் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு ஐயாறப்பன் சொல்வது வழக்கம்: மைக்குக்கு ஊகம் தெரியாது, எதிரே நிற்பது மட்டும்தான் அதற்குக் கேட்கும். அந்த மைக்கின் எதிரே, குரல் எழுப்பாத அவளைத் தவிர, அந்த அறை மட்டும்தான் இருந்தது. அவள் கன்னத்துக்கு அருகே காற்று சற்று வெதுவெதுப்பாய் இருந்தது.

ஜன்னலில் மீனாம்பாள் போட்ட கூச்சலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். திரையைப் படித்தார்கள். மைக் முதல் துளையில் இருப்பதையும் கண்டார்கள். வக்கீல் குமாஸ்தா கலியமூர்த்தி, சாட்சி சொல்கிறவர்போல் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, தையலக்கா குனிந்ததையும் வாயைத் திறந்ததையும் தாம் பார்த்ததாகச் சொன்னார். குரல் காதில் விழவில்லை என்றும், ஆனால் அவள்தான் அழைத்துக்கொண்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். ஏளனமாகச் சொல்லவில்லை. கூட்டத்தில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அந்த நிலையில் தாங்களும் அதையே செய்திருப்போம் என்பதுபோல் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள்.

பட்டம்மாள் தர்ப்பை உருவத்தை ஏந்தியபடி மேசைவரைக்கும் வந்தாள்.

“நீயா கூப்பிட்டுக்கிட்ட?”

மூன்றாம் அழைப்புக்குப் பதில் கொடாமல் இருப்பது, முதல் அழைப்புக்குப் பதில் கொடுப்பதைவிடப் பெரிய குற்றம். தையல்நாயகி நாத்தனாரின் பக்கம் திரும்பவில்லை. மைக்கின் பக்கம் திரும்பினாள். உள்ளே இவ்வளவு நேரம் தேங்கி நின்ற மூச்சைக் குரலாக்கி வெளியே விட்டாள்.

“இதோ இருக்கேங்க.”

இதோ இருக்கேங்க, என்று திரை எழுதிற்று. அவள் வாயிலிருந்து வந்ததை அந்த மென்பொருள் எழுதியது அதுவே முதல் முறை. ஓர் எழுத்தும் பிழையில்லை.

பட்டம்மாள் இரண்டு வரிகளையும் பார்த்தாள். தையல்நாயகியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறையை, அதன் நான்கு மூலைகளையும், மேசைக்கு எதிரே இருந்த காலி இடத்தையும் நெடுநேரம் பார்த்தாள். அவள் மேனி சிலிர்த்ததை அருகில் நின்ற குருக்கள் கண்டார். தர்ப்பை உருவத்தின் கட்டை அவிழ்த்து, புற்களை ஒவ்வொன்றாகத் தன் முந்தானையில் போட்டுக்கொண்டாள்.

“கூப்பிட ஆள் இருக்கிற வீட்டுல எள்ளும் தண்ணியும் எறைக்கக் கூடாது. குமாஸ்தா சொல்றபடியே இருந்துட்டுப் போகட்டும்.”

அன்று மாலைப் பேருந்துக்கே அவள் கிளம்பினாள். வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டவள் திரும்பி, தையல்நாயகியைப் பாராமல், மேசைக்கு எதிரே இருந்த அந்த வெற்றிடத்தைப் பார்த்து, தாழ்ந்த குரலில், “ஒடம்பைப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

துளை அடைபட்டதைப் பற்றி ஊர் சில காலம் குறைபட்டுக்கொண்டது. தையலக்கா முதல் இலையில் உட்கார்ந்துவிட்டாள் என்று சிலர் சொன்னார்கள். அவள் தனக்காக உட்காரவில்லையே என்று சிலர் சொன்னார்கள். பிறகு பெஞ்சுகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். தேய்ந்துபோன நந்தியின் காதுக்கே திரும்பினார்கள். மீனாம்பாள் பாலை நேரத்துக்கு இறக்கத் தானே பழகிக்கொண்டாள். மஞ்சள் குங்குமத் தட்டு தையல்நாயகிக்குத் தயங்காமல் நீண்டது. அவள் பொய் சொன்னாள் என்று நம்பியவர்களே நீட்டினார்கள்.

அவள் அவர்களைத் திருத்தவில்லை. மென்பொருள் அவளுக்கு வசப்பட்டுவிட்டது. மனுக்களும் வாக்குமூலங்களும் அவள் சொல்லச் சொல்ல மளமளவென்று எழுந்து, கோர்ட்டு கூடும் நேரத்துக்கு முன்பே வாசலைக் கடந்தன. கலியமூர்த்திக்கு ஒரே ஒரு விஷயம்தான் விளங்கவில்லை. காலையில் கணினியை உயிர்ப்பித்து மைக்கின் முன்னே அமர்ந்த பிறகும், எவ்வளவு அவசர வேலையானாலும், அவள் உடனே பேசத் தொடங்குவதில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, வாயைத் திறவாமல், திரையைப் பார்த்தபடி சற்றுநேரம் உட்கார்ந்திருப்பாள். முதல் துளையின் மேலிருக்கும் சின்னஞ்சிறு விளக்கு ஒளிர்ந்து, ஒளிர்ந்து, அடங்கும் வரைக்கும் காத்திருப்பாள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசும் வழக்கம் அவளுக்கு எந்நாளும் இருந்ததில்லை.